ஆன்டெனாவுக்கும் வேர் வேண்டும்! பழைய லேன் கேபிளில் கிரவுண்டு ரேடியல் அமைக்கலாம்

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களைப் பயமுறுத்தும் முதல் கோளாறு, ஓடிக் கொண்டிருக்கும்போதே மவுஸ் நின்றுவிடுவதுதான். உடனே என்ன செய்வோம்? மவுஸைத் தட்டிப் பார்ப்போம். யு.எஸ்.பி. பிளக்கைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகுவோம். அப்போதும் சரியாகவில்லை என்றால், வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்.

எனக்கும் இப்படித்தான் ஆனது. சாப்ட்வேர் எழுதுவதே தொழில் என்பதால், நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தவறு செய்தேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். புது மவுஸ் வாங்கினேன். கடைசியில் விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். மவுஸ் திருந்தவே இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தேன். என் அமெச்சூர் ரேடியோ செட் டிரான்ஸ்மிட் செய்யும் சுமார் 13 விநாடிகள் மட்டுமே மவுஸ் நின்றது. டிரான்ஸ்மிட் முடிந்ததும் தானாகவே ஓடியது.

கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பின்னால், மண்ணில் இருந்தது. அதைச் சரி செய்ய உதவியது, பரணில் கிடந்த பழைய லேன் கேபிள். எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ரேடியோ இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். நடுவில் வரும் எக்ஸெல் பயிற்சி எல்லோருக்கும் பயன்படும்.

அமெச்சூர் ரேடியோ: சிறு அறிமுகம்

பொழுதுபோக்காகவும் ஆராய்ச்சிக்காகவும், சொந்தமாக வயர்லெஸ் நிலையம் வைத்து உலகம் முழுவதும் தொடர்பு கொள்வதுதான் அமெச்சூர் ரேடியோ. இதனை ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு இந்த உரிமத்தை வழங்குகிறது. உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்வது சட்டப்படி குற்றம்.

செல்போன் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணியும் அவரது குழுவினரும் அந்தமானின் போர்ட் பிளேரில் தற்காலிக ரேடியோ நிலையம் அமைத்திருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அப்போது தீவிலிருந்து செய்திகளை வெளியே அனுப்ப உதவியவற்றில் அந்த நிலையமும் ஒன்று. டவர் இல்லை, இன்டர்நெட் இல்லை. ஒரு செட், ஒரு பேட்டரி, ஒரு கம்பி இருந்தால் போதும். அந்தக் கம்பி சரியாக வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இன்று கம்ப்யூட்டரும் இதில் சேர்ந்துகொண்டது. எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையை 2017இல் ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கி என்ற இருவர் உருவாக்கினார்கள். இவர்களில் ஜோ டெய்லர் 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். டபிள்யூ.எஸ்.ஜே.டி.எக்ஸ். என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, ரேடியோ செட்டைக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் இணைத்துவிட்டால் போதும். காதுக்கே கேட்காத மெல்லிய சிக்னலைக்கூட கம்ப்யூட்டர் பிரித்துப் படித்துவிடும். எனக்கு வந்த தொல்லையும் இந்த யு.எஸ்.பி. கேபிள் வழியாகத்தான் வந்தது.

ஆன்டெனாவின் மறுபாதி எங்கே?

ஒரு டார்ச் லைட்டில் பல்பு எரிய வேண்டுமானால் மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, பல்பு வழியாகப் போய், திரும்பப் பேட்டரிக்கே வர வேண்டும். ரேடியோவிலும் இதே கதைதான். செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோ-ஆக்ஸ் கேபிளில் நடுக்கம்பி ஒன்று, அதைச் சுற்றி வலை போன்ற உறை ஒன்று என இரண்டு பாதைகள் இருக்கும். நடுக்கம்பியை, செங்குத்தாகத் தொங்கும் ஆன்டெனாவில் இணைத்துவிடுகிறோம். வலை உறையை எதில் இணைப்பது?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். செங்குத்து ஆன்டெனா என்பது பாதி ஆன்டெனா மட்டுமே. மறுபாதி அதன் காலடியில் உள்ள தரை. ஆன்டெனாவில் மேலே ஓடும் மின்னோட்டத்துக்குச் சமமான மின்னோட்டம், சுற்றியுள்ள தரை வழியாக ஆன்டெனாவின் அடிக்குத் திரும்ப வேண்டும். தரை நல்ல மின்கடத்தியாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் மண் ஒரு சுமாரான கடத்திதான். காய்ந்த மண் இன்னும் மோசம்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இது எளிதில் புரியும். கிணற்றுத் தண்ணீரை மண் வாய்க்காலில் விட்டால், கடைசி வயலுக்குப் போவதற்குள் பாதியை மண்ணே குடித்துவிடும். அதே தண்ணீரை பைப்பில் விட்டால் அப்படியே போய்ச் சேரும். ஆன்டெனாவின் அடியிலிருந்து, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல, எல்லாப் பக்கமும் விரித்துப் போடும் கம்பிகள்தான் அந்த பைப். இவற்றுக்குத்தான் கிரவுண்டு ரேடியல் என்று பெயர். ரேடியல் இல்லாவிட்டால், செட் கொடுக்கும் பவரில் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்குவதில் போய்விடும்.

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கம் செம்மண் மேலாக இருக்கும், இரண்டடி தோண்டினால் கடப்பாரை பாறையில் மோதும். ஏப்ரல், மே மாதங்களில் தரை ஓடு போலக் காய்ந்துவிடும். மண் வாய்க்காலை நம்ப முடியாத இடம் இது.

எர்த் கம்பி நட்டால் போதாதா?

நானும் முதலில் அதைத்தான் செய்தேன். வேப்பமரக் கிளையில் நைலான் கயிறு போட்டு, 10 மீட்டர் வயரைச் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். அடியில் ஒரு ஜி.ஐ. பைப்பை, பாறை தட்டும் வரை அடித்து இறக்கினேன். கோ-ஆக்ஸ் உறையை அதில் இணைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துக் கொண்டேன்.

வீட்டு வயரிங்கில் எர்த் கொடுப்பது ஷாக் அடிக்காமல் காப்பதற்கு. மின்னலுக்கு எர்த் கொடுப்பது தனி வேலை. ரேடியோ அலைக்கான தரை மூன்றாவது விஷயம். பெயர் ஒன்றாக இருப்பதால் மூன்றையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒரே இடத்தில் ஆழமாக இறங்குவதில்லை. ஆன்டெனாவைச் சுற்றி, பல மீட்டர் அகலத்துக்கு, தரையின் மேற்பகுதியில் பரவித்தான் ஓடுகிறது. எனவே ஆழமாக நட்ட ஒரு பைப்பைவிட, மேலாக விரித்த பல வயர்கள் அதிகம் பயன்படும்.

சரியான வழி கிடைக்காத மின்னோட்டம் சும்மா இருக்காது. கோ-ஆக்ஸ் உறையின் வெளிப்பக்கத்தையே வழியாக எடுத்துக்கொள்ளும். கேபிள் எங்கே போகிறது? நேராக வீட்டுக்குள், செட்டுக்கு. அங்கிருந்து யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு. என் மவுஸ் நின்றது இதனால்தான். ஸ்பீக்கரில் கரகரப்பு, கீபோர்டு தானாக எழுத்துகளை அடிப்பது, லேப்டாப்பின் மேல் கை வைத்தால் சுருக்கென்று குத்துவது எல்லாம் இதே நோயின் அறிகுறிகள்.

1937இல் வந்த விடை

எத்தனை ரேடியல் வேண்டும் என்ற கேள்வி ரேடியோ நிலையங்களுக்குப் பெரிய செலவுக் கேள்வி. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூவர், ரேடியல்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றி மாற்றி அளந்து, 1937இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். மீடியம் வேவ் டவர்களின் அடியில் 120 செப்புக் கம்பிகள் புதைக்கும் வழக்கம் இதன் பிறகுதான் நிலைபெற்றது.

நம் பக்கம் பலரும் கேட்டு வளர்ந்த திருச்சி வானொலியின் மீடியம் வேவ் அதிர்வெண் 936 கிலோஹெர்ட்ஸ். இதற்குக் கால் அலைநீளம் சுமார் 80 மீட்டர். 80 மீட்டர் நீளத்தில் 120 கம்பி என்றால் 9,600 மீட்டர் செம்பு! நமக்கு அந்தக் கவலை இல்லை. 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 10 மீட்டர்தான்.

120 கம்பியும் நமக்குத் தேவையில்லை. ரூடி செவர்ன்ஸ் என்ற அமெரிக்க ஹாம், 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கவனமாகச் சோதனைகள் செய்து, 2009, 2010 ஆண்டுகளில் கியூ.இ.எக்ஸ். இதழில் தொடராக எழுதினார். அவர் கண்டது இதுதான்: 4 கம்பியிலிருந்து 16 கம்பிக்குப் போகும்போது நல்ல லாபம் கிடைக்கிறது. 32ஐத் தாண்டினால் லாபம் மிகச் சொற்பம். ஆக 16 கம்பி நமக்கு நல்ல இலக்கு.

எக்ஸெல்லில் ஒரு பயிற்சி

இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

கால் அலைநீள செங்குத்து ஆன்டெனாவுக்கு, அலையாக வெளியேறும் பவரைக் குறிக்கும் தடை சுமார் 36 ஓம்ஸ். மண்ணில் வீணாகும் பவரைக் குறிக்கும் தடை இதனுடன் சேர்ந்துகொள்ளும். மொத்தத்தில் 36இன் பங்கு எவ்வளவோ அதுதான் ஆன்டெனாவின் திறன்.

1. முதல் வரிசையில் நான்கு தலைப்புகள் கொடுங்கள்: கம்பிகள், மண் தடை, மொத்தத் தடை, திறன்.
2. கம்பிகள் என்ற தலைப்பின் கீழ் 0, 4, 8, 16 என்று டைப் செய்யுங்கள்.
3. மண் தடை என்ற தலைப்பின் கீழ் 44, 19, 9, 4 என்று டைப் செய்யுங்கள்.
4. மொத்தத் தடையின் முதல் செல்லில் = குறி போட்டு 36+ என்று அடித்து, பக்கத்தில் உள்ள மண் தடை செல்லை மவுஸால் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 80 என்று விடை வரும்.
5. திறன் என்ற செல்லில் = குறி போட்டு 36/ என்று அடித்து, மொத்தத் தடை செல்லைக் கிளிக் செய்து, *100 என்று முடித்து என்டர் தட்டுங்கள். 45 வரும்.
6. இந்த இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற வரிசைகள் தானாக நிரம்பும்.

உங்கள் திரையில் இப்படித் தெரிய வேண்டும் (திறனை முழு எண்ணாக்கி இருக்கிறேன்):

கம்பி 0: மொத்தம் 80 ஓம்ஸ், திறன் 45 சதவீதம்
கம்பி 4: மொத்தம் 55 ஓம்ஸ், திறன் 65 சதவீதம்
கம்பி 8: மொத்தம் 45 ஓம்ஸ், திறன் 80 சதவீதம்
கம்பி 16: மொத்தம் 40 ஓம்ஸ், திறன் 90 சதவீதம்

இவை கற்பனை எண்கள் அல்ல. நண்பரிடம் கடன் வாங்கிய நானோ வி.என்.ஏ. என்ற சிறு கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து, எங்கள் வீட்டு ஆன்டெனாவில் பார்த்த மொத்தத் தடையிலிருந்து 36ஐக் கழித்து எடுத்தவை. மண்ணுக்கு மண் இது மாறும். உங்கள் வீட்டில் வேறு எண்கள் வரும்.

கடைசி நெடுவரிசையை மறுபடி பாருங்கள். 45 எங்கே, 90 எங்கே! 50 வாட் செட்டில், பைப் மட்டும் நட்டிருந்தபோது அலையாக வெளியேறியது 22.5 வாட். 16 கம்பி போட்ட பிறகு 45 வாட். இரண்டு மடங்கு பவர் செட் வாங்கியதற்கு இது சமம். செலவு பழைய கேபிள் மட்டுமே.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஏமாற்றும்!

இந்த இடத்தில் நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லியாக வேண்டும். செட்டில் உள்ள எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், ஆன்டெனா 50 ஓம்ஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டும். 1 வந்தால் கச்சிதம். எண் கூடக் கூடப் பொருத்தம் குறைகிறது என்று அர்த்தம்.

பைப் மட்டும் இருந்தபோது எனக்கு 1.6 காட்டியது. 4 கம்பி போட்டதும் 1.1 ஆனது. மகிழ்ச்சியில் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு 8 ஆக்கினேன். அப்போதும் 1.1. 16 ஆக்கியபோது 1.25க்கு ஏறிவிட்டது! கம்பியைக் கூட்டியதால் கெட்டுப் போய்விட்டது என்று பயந்து, பாதிக் கம்பிகளைக் கழற்றவே போய்விட்டேன்.

நல்ல வேளையாக, கழற்றும் முன் மேலே உள்ள எக்ஸெல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 50ஐ 40ஆல் வகுத்தால் 1.25. 55ஐ 50ஆல் வகுத்தால் 1.1. 50ஐ 45ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய 1.1தான். அதாவது 4 கம்பியிலும் 8 கம்பியிலும் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டியது. ஆனால் திறன் 65லிருந்து 80க்கு ஏறியிருந்தது. 16இல் எண் மோசமானது, ஆன்டெனா நன்றாக ஆனது. மண்ணின் வீண் தடை குறைந்து, மொத்தம் 50க்குக் கீழே இறங்கியதால்தான் அப்படி.

எனவே கால் அலைநீள செங்குத்து ஆன்டெனாவில், ரேடியல் எதுவும் இல்லாமலேயே எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக 1 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். 36 ஓம்ஸ் ஆன்டெனா, மண்ணிடம் 14 ஓம்ஸ் கடன் வாங்கி 50 ஆகியிருக்கிறது என்று பொருள்.

கம்பிக்கு எங்கே போவது?

கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

பழைய லேன் கேபிள்: இதுதான் முதல் தேர்வு. நெட்வொர்க் கேபிளின் உறைக்குள் இரண்டு இரண்டாக முறுக்கிய 8 வயர்கள் இருக்கும். 10 மீட்டர் கேபிள் ஒன்றை உரித்தால் 10 மீட்டர் நீளத்தில் 8 ரேடியல்கள் தயார். இரண்டு துண்டு இருந்தால் 16. முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக விரிக்க வேண்டும். பிரிக்காமல் போட்டால் எட்டும் சேர்ந்து ஒரே கம்பியாகத்தான் கணக்கு. விலை குறைந்த கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். வயரை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். தற்காலிகமாகப் பயன்படும், மண்ணில் நீண்ட நாள் தாங்காது.

பழைய வீட்டு வயரிங்: வயரிங் மாற்றும் வீடுகளில் கழித்துப் போடும் செப்பு வயர் மிக நல்லது. மேலே உள்ள பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டியதில்லை.

கட்டுக்கம்பி: சென்ட்ரிங் வேலைக்குப் பயன்படும் இரும்புக் கம்பி. எளிதில் கிடைக்கும். ஆனால் உயர் அதிர்வெண்ணில் செம்பைவிட இரும்பில் இழப்பு அதிகம், துருவும் பிடிக்கும். அவசரத்துக்கு மட்டும்.

எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு நீளம் என்பதற்கு எளிய சூத்திரம்: 71.3ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வரும்.

7.1 மெகாஹெர்ட்ஸ்: 10 மீட்டர்
14.1 மெகாஹெர்ட்ஸ்: 5.1 மீட்டர்
21.2 மெகாஹெர்ட்ஸ்: 3.4 மீட்டர்
28.4 மெகாஹெர்ட்ஸ்: 2.5 மீட்டர்

தரையில் கிடக்கும் ரேடியல்களுக்கு இந்த நீளம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. இடம் குறைவு என்றால் நீளத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 10 மீட்டரில் 8 போடுவதற்குப் பதிலாக, அதே வயரைப் பாதியாக வெட்டி 5 மீட்டரில் 16 போடலாம். காம்பவுண்டு சுவர் குறுக்கே வந்தால் சுவரோரமாக வளைத்து விடலாம்.

அமைக்கும் முறை

1. ஆன்டெனாவின் அடியில் எல்லாக் கம்பிகளும் சேர ஓர் இடம் வேண்டும். நான் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக் கொண்டேன். சேலத்தில் எவர்சில்வருக்கா பஞ்சம்! விளிம்பைச் சுற்றி ஓட்டைகள் போட்டு, எவர்சில்வர் நட்டு போல்ட்டுகள் மாட்டினேன்.
2. தட்டின் நடுவில் எஸ்.ஓ.239 சாக்கெட்டைப் பொருத்துங்கள். அதன் உடல் தட்டைத் தொட வேண்டும். நடு முனை தட்டைத் தொடாமல் ஆன்டெனா வயரோடு சேர வேண்டும்.
3. ரேடியலின் ஒரு முனையில் அரை அங்குலம் பிளாஸ்டிக்கை உரித்து, வாஷருக்கு அடியில் வைத்து இறுக்குங்கள். மறுமுனையை எதிலும் இணைக்க வேண்டாம்.
4. நான்கு திசைக்கு ஒன்றாக முதலில் 4 போடுங்கள். பிறகு இடைவெளிகளில் 4, மறுபடி 8 என்று கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மொத்தத் தடையை அளந்து எக்ஸெல்லில் எழுதி வையுங்கள்.
5. கம்பி கூட்டியும் மொத்தத் தடை மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். எனக்கு 16க்கு மேல் 8 போட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை.
6. புதைக்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் போக்ஸ் கம்பிகளை 'ப' போல வளைத்து, இரண்டடிக்கு ஒன்றாக வயரின் மேல் குத்தி, தரையோடு ஒட்டி இருக்கச் செய்யுங்கள். ஒரு மழைக்காலம் போனால் புல் மூடிக்கொள்ளும்.

ஆறாவது வேலையை நான் தள்ளிப் போட்டேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஆயா கால் தடுக்கித் தடுமாறிவிட்டார். "ஏஞ்சாமி, இதென்ன கம்பி? கரண்டு கிரண்டு உட்டிருக்கியா?" என்று கேட்டார். "இல்லீங்க ஆயா, ரேடியோவுக்குங்க" என்றேன். அன்று மாலைக்குள் எல்லாக் கம்பிகளையும் குத்தி முடித்தேன். நீங்கள் முதல் நாளே முடித்துவிடுங்கள்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு

தோட்டம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தரையை விட்டு உயரத்தில் கட்டும் ரேடியல்கள் மண்ணை அதிகம் நம்புவதில்லை. சில அடி உயரத்தில் கட்டிய 4 ரேடியல்கள், தரையில் போட்ட 64 ரேடியல்களுக்கு ஏறக்குறைய சமமாக வேலை செய்ததை செவர்ன்ஸ் அளந்து காட்டியிருக்கிறார். மாடியில் 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் வயர்கள் நான்கு போதும். துணி காயப் போடும் கொடி போல, நைலான் கயிற்றால் முனைகளைக் கட்டலாம். ஆனால் இங்கே நீளம் முக்கியம். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை உள்ள வயர் என்றால் சிறிது சிறிதாக வெட்டிச் சரி செய்ய வேண்டி வரும்.

இன்னொரு எச்சரிக்கை: உயரத்தில் கட்டிய ரேடியலின் முனையில், டிரான்ஸ்மிட் செய்யும்போது அதிக வோல்டேஜ் இருக்கும். தொட்டால் தோல் பொசுங்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். நிஜமாகவே துணி காயப் போட்டுவிடாதீர்கள்!

கம்ப்யூட்டருக்குக் காவல்

ரேடியல் போட்ட பிறகும் கேபிளின் வெளிப்பக்கம் கொஞ்சம் மின்னோட்டம் மிஞ்சலாம். அதைத் தடுக்க வாசலில் ஒரு காவலாளி வேண்டும். பழைய மானிட்டர் கேபிளின் முனையில் உருண்டையாக ஒரு கட்டி பார்த்திருப்பீர்கள். அது ஃபெரைட் என்ற காந்தப் பொருள். கேபிளின் வெளிப்பக்கமாக ஓடும் தேவையற்ற உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை அது தடுக்கும்.

யு.எஸ்.பி. கேபிளை, பெரிய துளையுள்ள ஃபெரைட் வளையத்துக்குள் சில சுற்றுகள் சுற்றுங்கள். சுற்று இரண்டு மடங்கானால் தடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். கோ-ஆக்ஸ் கேபிளை ஆன்டெனாவின் அடியில், ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த விட்டத்தில் எட்டுப் பத்துச் சுற்றுகளாகச் சுருட்டிக் கட்டினாலும் ஓரளவு தடுக்கும்.

16 ரேடியலும் இந்தக் காவலும் சேர்ந்த அன்று, மவுஸைக் கையில் பிடித்துக் கொண்டே டிரான்ஸ்மிட் செய்து பார்த்தேன். அம்புக்குறி ஓடிக்கொண்டே இருந்தது. புதிதாக வாங்கிய மவுஸ் இப்போது உபரியாக மேஜை டிராயரில் கிடக்கிறது.

பலன் கிடைத்ததா? சோதிக்கும் முறை

எஃப்.டி.8 முறையில் உங்கள் சிக்னலை யார் யார் எந்த அளவில் கேட்டார்கள் என்பதை பி.எஸ்.கே. ரிப்போர்ட்டர் என்ற இணையதளத்தில், உலக வரைபடத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு நிலையமும் டெசிபல் கணக்கில் மதிப்பெண் கொடுத்திருக்கும். பவர் இரண்டு மடங்கானால் மதிப்பெண் 3 டெசிபல் கூடும்.

ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். வானத்தில் அலை திரும்பும் நிலை மணிக்கு மணி மாறும். அருகில் உள்ள ஹாம் நண்பர் ஒருவரையும் அதே நேரத்தில், அதே பவரில் டிரான்ஸ்மிட் செய்யச் சொல்லி, இரண்டு பேருக்கும் கிடைக்கும் மதிப்பெண்களின் வித்தியாசத்தை ஒரு வாரம் எழுதி வையுங்கள். ரேடியல் போட்ட பிறகு அந்த வித்தியாசம் எவ்வளவு மாறியது என்பதுதான் உண்மையான பலன். உங்கள் உரிமம் எந்த முறைகளை அனுமதிக்கிறது என்பதையும் முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

மறக்கக் கூடாதவை

* மின்வாரியக் கம்பிகளுக்கு அருகில் ஆன்டெனாவோ ரேடியலோ வேண்டாம். அறுந்து விழுந்தாலும் தொட முடியாத தூரம் இருக்க வேண்டும்.
* ரேடியலை பிளக் பாயின்ட்டின் நியூட்ரலில் ஒருபோதும் இணைக்காதீர்கள். கேஸ் குழாயிலும் வேண்டாம்.
* ரேடியல் இருப்பதால் மின்னலுக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கோடை மழைக்கு மேகம் கூடும்போதே கோ-ஆக்ஸை செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.
* டிரான்ஸ்மிட் செய்யும்போது யாரும் ஆன்டெனாவைத் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

சில சந்தேகங்கள்

மழை பெய்த பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மாறுகிறதே? மண் ஈரமானதும் அதன் தடை மாறும். ரேடியல் குறைவாக இருந்தால் மாற்றம் அதிகமாகத் தெரியும். கம்பி கூடக் கூட மழைக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். இதுவே ஒரு நல்ல பரிசோதனை.

கேட்பதற்கு மட்டும் ஆன்டெனா வைத்தாலும் ரேடியல் வேண்டுமா? பயன் உண்டு. கேபிள் வழியாக வீட்டுக்குள்ளிருந்து வரும் எல்.இ.டி. பல்பு, சார்ஜர் இரைச்சல் குறைய அது உதவும்.

உரிமம் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? இன்டர்நெட்டில் வெப் எஸ்.டி.ஆர். தளங்கள் இருக்கின்றன. உலகின் வேறு மூலையில் உள்ள ரிசீவரை உங்கள் பிரவுசரிலேயே திருகிக் கேட்கலாம். 4 நெக் 2 என்ற இலவச சாப்ட்வேரில் ஆன்டெனாவை வரைந்து, ரேடியலின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மண்ணைத் தோண்டாமலேயே பாடம் புரியும்.

இந்த மாதப் பயிற்சி: மேலே செய்த எக்ஸெல் பைலில், எஸ்.டபிள்யூ.ஆர். என்று ஐந்தாவது நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். மொத்தத் தடை 50க்கு மேல் இருந்தால் அதை 50ஆல் வகுக்க வேண்டும். குறைவாக இருந்தால் 50ஐ அதனால் வகுக்க வேண்டும். இஃப் என்ற பங்ஷனைப் பயன்படுத்தினால் எக்ஸெல்லே பார்த்து முடிவு செய்துகொள்ளும். பிறகு மண் தடையில் 14 என்று டைப் செய்து பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். கச்சிதமாக 1 வரும், திறன் 72 சதவீதத்தில் நிற்கும். மீட்டரை மட்டும் பார்ப்பவர் அங்கேயே திருப்தி அடைந்துவிடுவார். நீங்கள் இன்னும் நான்கு கம்பி போடுவீர்கள்.